கிராஃபீன் எங்கே போனது? புதுப் பொருள்களில் எது உண்மையில் வீடு வந்து சேரும்?

பாடவேளை கேட்டது:

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். குறைக்கடத்திப் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சார், கிராஃபீன் கிராஃபீன்னு ரொம்ப வருஷமா சொல்றாங்களே, அதை எங்கே போய்ப் பார்க்கலாம்?" நியாயமான கேள்விதான், என்னிடம் நல்ல பதில் இல்லை.

செய்திகளில் வாராவாரம் ஓர் அதிசயப் பொருள் வருகிறது. எஃகைவிடப் பல மடங்கு வலு, ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி, அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி. இரண்டு மாதம் சத்தம், அப்புறம் ஆளையே காணோம். இன்னும் 15, 20 வருடத்தில் ஒரு சாதாரண வீட்டிலோ தெருவிலோ கட்டடத்திலோ எந்தப் பொருளால் மாற்றம் வரும்? இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். விக்கிப்பீடியா இணைப்பு வேண்டாம், படித்தாயிற்று.

---

பொடிஉலோகம் எழுதியது:

சார், முதலில் கிராஃபீனை முடித்துவிடுகிறேன். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் பென்சில் கரியில் செலோடேப் ஒட்டி, ஓரணுத் தடிமனான கார்பன் ஏடாக உரித்து எடுத்தார்கள், 2010இல் நோபல். ஆறே வருடத்தில் நோபல் கிடைத்ததும், அதே வேகத்தில் கடைக்கும் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் நீங்கள் நடத்துகிற பாடத்திலேயே பதில் இருக்கிறது: கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளி கிடையாது. இடைவெளி இல்லையென்றால் டிரான்சிஸ்டரை அணைக்க முடியாது, ஒழுகிக்கொண்டே இருக்கும். சிலிக்கானுக்குப் பதில் கிராஃபீன் சிப் என்ற கனவு அங்கேயே பாதி போய்விட்டது. மீதிப் பாதி உற்பத்தியில் போனது. ஒரு செதில் எடுப்பது வேறு, ஒரு மீட்டர் அகலத்துக்குக் குறையில்லாமல் வளர்ப்பது வேறு. சந்தையில் கிராஃபீன் என்று விற்பதிலும் பெரும்பகுதி வெறும் கிராஃபைட் பொடிதான். 2018இல் 60 தயாரிப்பாளர்களின் சரக்கை வாங்கிச் சோதித்து ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் பத்து சதவீதம்கூட இல்லை. நல்ல சரக்கு பெயின்ட், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றில் சிட்டிகை அளவு சேர்க்கையாகப் போகிறது. உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்தாலும் பார்த்தது தெரியாது.

இப்போது எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம், காலியம் நைட்ரைடு. இதை யாரும் அதிசயப் பொருள் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் எழுபதுகளின் கடைசியில் பல ஆய்வகங்கள் இதைக் கைவிட்டே விட்டன, ஏனென்றால் படிகம் ஒழுங்காக வளரவில்லை. அடியில் வைக்கப் பொருத்தமான தளம் இல்லாததால் நீலக்கல்லின் மேல் வளர்க்க வேண்டும், அணு இடைவெளி ஒத்துவராது, விரிசலும் குறையுமாக வரும். நகோயாவில் அகசாகியும் அமானோவும் 1986இல் இடையில் அலுமினியம் நைட்ரைடு மெல்லடுக்கு ஒன்றைப் போட்டு அதைச் சமாளித்தார்கள். எல்.இ.டி.க்குத் தேவையான பி-வகைக் குறைக்கடத்தியாக அதை மாற்றுவதற்கு இன்னும் மூன்று வருடம் போனது. 1993இல் நிச்சியா நிறுவனத்திலிருந்து நகமுராவின் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்தது. நீலம் கிடைத்ததும் மேலே மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பொடியைப் பூசினால் வெள்ளை. 2014இல் மூவருக்கும் நோபல்.

அப்போதும் நம் ஊரில் எல்.இ.டி. பல்பு பணக்கார வீட்டுச் சாமான்தான். அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை 2014இல் ஒரு பல்புக்கு 310 ரூபாய், 2016இல் 38 ரூபாய். உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடி பல்புகளுக்கு மேல் போயிருக்கின்றன. இரண்டே வருடத்தில் குண்டு பல்பு காணாமல் போனதை நாமே பார்த்தோம். இப்போது அதே காலியம் நைட்ரைடு உங்கள் போன் சார்ஜருக்குள் வந்திருக்கிறது. சிலிக்கானைவிட வேகமாக ஸ்விட்ச் ஆவதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சிறிதாக்கலாம், அதனால்தான் 65 வாட் சார்ஜர் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

எனவே நான் பார்க்கிற அளவுகோல் இது: அந்தப் பொருளை ஒரு கிலோ செய்துவிட்டார்களா, ஒரு டன் செய்துவிட்டார்களா, குறை விகிதம் என்ன? மில்லிகிராமில் இருப்பதைப் பற்றி நான் செய்தியே படிப்பதில்லை.

---

ஓம்விதி எழுதியது:

அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று சொன்னார்களே, அந்த எல்.கே.-99ஐ மறந்துவிட்டீர்களே. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து கட்டுரை வந்ததும் என் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் ஆள்கூட மீக்கடத்தி பற்றிப் பேசினார். சில வாரத்தில் தெரிந்தது, மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு அழுக்கு, அது 104 டிகிரி வாக்கில் கட்டமைப்பு மாறுகிறது. மிதந்ததும் சாதாரண காந்தத்தன்மை. அழுக்கு மிதந்ததற்கு உலகமே கைதட்டியது.

---

எம்_இருபது எழுதியது:

நான் கட்டுமானத் துறை. என் பதில் உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்காது: சிமென்ட்.

சிரிக்க வேண்டாம். மனிதன் தண்ணீருக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்படுத்தும் பொருள் கான்கிரீட். உலகம் வருடத்துக்கு ஏறக்குறைய 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது, உற்பத்தியில் இந்தியா இரண்டாவது இடம். மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் இதிலிருந்து மட்டும். எரிபொருளை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதன் எடையில் 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், அது வேதியியல், சூளையைச் சூரிய ஒளியில் எரித்தாலும் போகத்தான் செய்யும். ஆகவே முக்கியமான வழி, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரை, அதாவது சிமென்டின் அடிப்படைக் கட்டியை, குறைப்பதுதான்.

நாம் ஏற்கெனவே குறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடையில் பி.பி.சி. என்று வாங்குகிறீர்களே, அதில் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம். இரும்பாலைக் கசடும் இப்படித்தான் போகிறது. ஆனால் நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும். அப்போது என்ன செய்வது?

இங்கேதான் எல்.சி.3 வருகிறது. பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும், களிமண்ணுக்கு 700 முதல் 850 போதும். பீங்கான் தொழிலுக்குப் போகும் உயர்ந்த ரகம்கூட வேண்டாம், 40 சதவீதம் கயோலினைட் இருக்கும் மட்ட ரகமே போதும். சுரங்கத்தில் மேல்மண் என்று ஒதுக்கிக் குவித்து வைத்திருப்பதிலேயே கிடைக்கும். களிமண்ணில் இருந்து வரும் அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது, அதனால் பாதி கிளிங்கரிலேயே வலு வந்துவிடுகிறது. கார்பன் வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறைகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருக்கும் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காரன் ஸ்கிரிவனர் குழு, கியூபாவில் ஒரு குழு, இங்கே ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. டெல்லி எல்லாம் சேர்ந்து வளர்த்தது. 2023இல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது, ஐ.எஸ். 18189.

இனி சைட் கதைக்கு வருகிறேன். முதல் பிரச்சினை நிறம். களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமென்ட் லேசாகச் சிவக்கும். மூட்டையைப் பிரித்ததும் கொத்தனார் "என்ன சார், செம்மண்ணைக் கலந்து கொடுத்திருக்கான்" என்பார், அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஆய்வறிக்கையைக் காட்டினாலும் வீட்டுக்காரர் கொத்தனார் பக்கம்தான். இரண்டாவது, தண்ணீர் கூடக் கேட்கும். களிமண் துகள் அவ்வளவு நுண்மை. மேஸ்திரி வாளித் தண்ணீரை ஊற்றி இளக்கினால் வலு போய்விடும், அட்மிக்ஸர் என்ற இளக்கும் ரசாயனம் போட்டுத்தான் இளக்க வேண்டும். ரெடிமிக்ஸ் பிளான்டில் இது ஒரு விஷயமே இல்லை, தெருவோரக் கலவை மிஷினில் பெரிய விஷயம். மூன்றாவது, கடலோரத்துக்கு இது ரொம்ப நல்லது, குளோரைடு உள்ளே இறங்குவது வெகுவாகக் குறையும், தூத்துக்குடி, எண்ணூர் போன்ற இடங்களில் கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும். ஆனால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஏறுவதைத் தடுப்பதில் பழைய ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்) அளவுக்கு வராது, கம்பிக்கும் கான்கிரீட் வெளிப்பரப்புக்கும் இடைவெளி விடும் கவர் பிளாக்கை ஒழுங்காக வைக்க வேண்டும், தண்ணீர் விட்டு ஈரமாக வைக்கும் கியூரிங்கைக் கஞ்சத்தனம் இல்லாமல் செய்ய வேண்டும்.

---

பாடவேளை எழுதியது:

எம்_இருபது சார், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் 44 சதவீதக் கணக்கை அவர்களையே போடச் சொல்லலாம், மோலார் நிறை தெரிந்தால் போதும். வேதியியல் ஆசிரியரிடம் தள்ளிவிடுகிறேன்.

பேட்டரி பற்றி யாராவது சொல்லுங்கள். எல்லாப் பையன்களுக்கும் இ-ஸ்கூட்டர் ஆசை. சோடியம் பேட்டரி வந்தால் விலை பாதியாகும் என்கிறார்கள், உப்பிலிருந்து எடுக்கலாமாம், உண்மையா?

---

செக்ரிக்குப்_பக்கம் எழுதியது:

காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது தெரிந்திருக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. அதன் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் பேட்டரிப் பேச்சு எங்களுக்குத் தேநீர்க் கடை வரை உண்டு.

சோடியத்துக்கு முன்னால் இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொடிஉலோகம் சொன்ன கால அளவு அதில்தான் நன்றாகத் தெரியும். 1991இல் சோனி விற்ற முதல் லித்தியம் அயனி பேட்டரியில் கோபால்ட். விலை அதிகம், கிடைக்கும் இடமும் குறைவு. எண்பதுகளிலேயே அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃபும் அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் மந்திரமும், ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற அயனித் தொகுதியைப் போட்டால் மலிவான இரும்பிலிருந்தே நல்ல மின்னழுத்தம் எடுக்கலாம் என்று காட்டினார்கள். மந்திரம் அமராபுரம் என்ற தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரர், மதுரையில் எம்.எஸ்சி., ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆராய்ச்சிப் பட்டம். 2019இல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை ஆற்றியவரும் இவர்தான். அந்த வழியில் 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. வந்தபோது யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை, மின்சாரமே சரியாகக் கடத்தாது. துகளை நானோ அளவுக்கு அரைத்து மேலே கார்பன் பூசிய பிறகுதான் வேலை செய்தது. இன்று மலிவு விலை மின்வண்டிகளிலும் இன்வெர்ட்டர்களிலும் அதுதான் ஓடுகிறது. கிட்டத்தட்ட 25 வருடம்.

சோடியம் இப்போது அந்தப் பாதையில் நடுவழியில் இருக்கிறது. சோடியம் அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் எடை, அளவும் பெரிது, மின்னழுத்தமும் சற்றுக் குறைவு. எனவே அதே எடையில் குறைந்த ஆற்றல்தான், இதை எந்தச் சாமர்த்தியத்தாலும் முழுதாக மறைக்க முடியாது. கிராஃபைட்டுக்குள் சோடியம் சரியாக நுழையாது, ஹார்டு கார்பன் என்ற வேறு கரி வேண்டும், தேங்காய்ச் சிரட்டையில் இருந்துகூட அதைச் செய்கிறார்கள். நல்ல பக்கமும் இருக்கிறது: லித்தியம் செல்லில் எதிர்மின்வாய்க்குச் செம்புத் தகடு வேண்டும், சோடியம் அலுமினியத்தோடு சேராது என்பதால் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். குளிரிலும் நன்றாக வேலை செய்யும். முழுதாகக் காலி செய்து, சுழி வோல்ட்டில் வைத்தே லாரியில் ஏற்றலாம், தீ பயம் குறைவு.

விலை பாதியாகும் என்பது 2022இல் சொன்ன பேச்சு. அப்போது சீனாவில் லித்தியம் கார்பனேட் டன் ஆறு லட்சம் யுவானை நெருங்கியது. அடுத்த வருடக் கடைசியில் ஒரு லட்சத்துக்கு வந்துவிட்டது. லித்தியம் மலிந்ததும் சோடியத்தின் கவர்ச்சி குறைந்தது, 2025இல் அமெரிக்காவில் சோடியம் பேட்டரி செய்த நேட்ரான் நிறுவனம் மூடியே விட்டது. ஆனால் சீனாக்காரர்கள் விடவில்லை. சி.ஏ.டி.எல். என்ற பேட்டரி நிறுவனம் 2021இல் கிலோவுக்கு 160 வாட் மணி என்றது, 2025இல் 175 என்றது. ஹூபேயில் 2024இல் 100 மெகாவாட் மணி அளவுக்கு ஒரு சோடியம் மின்சேமிப்பு நிலையம் தொடங்கிவிட்டார்கள். நம் பக்கம் ரிலையன்ஸ் இங்கிலாந்தின் ஃபாரடியான் என்ற சோடியம் பேட்டரி நிறுவனத்தை வாங்கி வைத்திருக்கிறது.

என் கணிப்பு: சோடியம் முதலில் ஸ்கூட்டருக்குள் பெரிதாக வராது, துணைமின் நிலையத்துப் பக்கத்தில் கன்டெய்னரில் வந்து உட்காரும். பகலில் சோலார், ராத்திரி அது. எடை அங்கே யாருக்குக் கவலை?

---

கருமணல் எழுதியது:

பொடிஉலோகம் அண்ணன் சொன்ன "டன் கணக்கு" அளவுகோலில் எனக்கு ஒரு தகராறு. டன் கணக்கில் செய்ய முடியும் என்று நிரூபித்தாயிற்று, ஆனால் செய்வது வேறு நாடு என்றால்?

நான் கன்னியாகுமரி மாவட்டம். மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கறுப்பாக இருக்கும், இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் கலந்தது. மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. நியோடிமியம் காந்தத்தை எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். பெரும்பகுதி இரும்புதான், ஏறக்குறைய 30 சதவீதம்தான் நியோடிமியம் போன்ற அருமண் (ரேர் எர்த்) உலோகம். இன்று பெரும்பாலான மின்வண்டி மோட்டாரிலும் கடல் காற்றாலையிலும் இதுதான்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. மோட்டார் சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் அந்தப் பட்டியலில் இருந்தன. சில மாதத்தில் இங்கே வண்டிக் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. மணல் நம் கரையில், காந்தம் அவர்கள் கையில். ஏன்? மண்ணைத் தோண்டுவது எளிது. இந்தத் தனிமங்கள் வேதியியலில் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரிக்க அமிலமும் கரைப்பானும் வைத்து நூற்றுக்கணக்கான படிகள் வேண்டும். பிரித்த ஆக்சைடை உலோகமாக்க வேண்டும், கலவையாக்க வேண்டும், பொடியாக்கிக் காந்தப்புலத்தில் அழுத்திச் சுட வேண்டும். நாம் பின்தங்கியது இந்தக் கடைசிப் படிகளில். 2025 நவம்பரில் மத்திய அரசு 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் ஒப்புதல் செய்தது, வருடம் 6,000 டன் காந்தம் இலக்கு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது, கதிரியக்கம். கிள்ளியூர் பக்கம் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கரையோர மக்கள் எதிர்த்ததற்கு அந்த அச்சமும் காரணம், கடலரிப்பும் காரணம். "எதிர்காலப் பொருள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஊர்களுக்கு வந்து பேசியதை நான் பார்த்ததில்லை.

---

பொடிஉலோகம் எழுதியது:

கருமணல் தம்பி, ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஒரு வரி மட்டும் சேர்க்கிறேன்: பிரச்சினை இவ்வளவு பெரிதானதாலேயே அருமண் இல்லாத மோட்டார்களுக்கு இப்போது பணம் வருகிறது. ஃபெரைட் காந்தம் வலு குறைவு, ஆனால் இரும்பு ஆக்சைடு எல்லோரிடமும் இருக்கிறது. மோட்டார் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

---

எக்ஸ்ரே_பைத்தியம் எழுதியது:

ஆராய்ச்சி மாணவி. வகுப்பில் கட்டாயம் ஒரு பையன் "ஏ.ஐ. எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடும் சார்" என்பான், அதற்காக எழுதுகிறேன். 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிகங்களைக் கணித்ததாகவும், அதில் 3,80,000 நிலையானவை என்றும் சொன்னது. அதே சமயம் பெர்க்லியில் ஒரு ரோபோ ஆய்வகம் 17 நாளில் 41 பொருள்களைத் தானே செய்ததாக அறிவித்தது. பிறகு எங்களைப் போல எக்ஸ்ரே படம் பார்ப்பதே பிழைப்பாக இருப்பவர்கள் அந்தப் படங்களை உட்கார்ந்து பார்த்தார்கள். பலவும் புதியவை அல்ல, தெரிந்த பொருள்களில் இரண்டு உலோக அணுக்கள் இடம் மாறிக் கலந்திருப்பதைக் கணினி ஒழுங்காக அடுக்கப்பட்ட புதுப் படிகம் என்று எண்ணிவிட்டது என்று கடுமையாக மறுத்தார்கள்.

ஏ.ஐ. பயனில்லை என்று சொல்லவில்லை, எந்த உப்பை முதலில் முயலலாம் என்று நானும் அதைக் கேட்கிறேன். ஆனால் "நிலையானது" என்று கணினி சொல்வது பெரும்பாலும் குறையற்ற படிகத்துக்கு, சுழி கெல்வினில். என் ஃபர்னஸ் 900 டிகிரியில் இருக்கிறது, மழைக்காலத்தில் என் பெராவ்ஸ்கைட் (சோலார் செல்லுக்கான ஒரு படிகப் பொருள்) படலம் ஈரம் பட்டு மஞ்சளாகிவிடும்.

பெராவ்ஸ்கைட் சோலார் பற்றி யாரும் பேசவில்லையே? 2009இல் ஜப்பானில் மியாசகா செய்த முதல் செல் 3.8 சதவீதம். இன்று சிலிக்கானின் மேல் இதை அடுக்கிச் செய்யும் செல் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சிலிக்கான் தனியாக 29 வாக்கில் நின்றுவிடும். வேகம் பிரமிப்புதான். ஆனால் கூரையில் 25 வருடம் வெயிலும் மழையும் தாங்க வேண்டும், உள்ளே ஈயமும் இருக்கிறது. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. முதல் வணிகப் பலகைகளை அனுப்பியது. அவை சென்னை போன்ற ஓர் ஊர்க் கூரையில் பத்து வருடம் ஓடட்டும், அப்புறம் பேசலாம்.

---

பாடவேளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வகுப்பில் கையில் வைத்துக் காட்ட, செலவில்லாமல், ஏதாவது?

---

பொடிஉலோகம் எழுதியது:

சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எல்.இ.டி. வாங்குங்கள், உதிரிபாகக் கடையில் சில ரூபாய்தான். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பொட்டென்ஷியோமீட்டர், வரிசையில் ஒரு கிலோ ஓம் மின்தடை, எல்.இ.டி.க்கு இணையாக மல்டிமீட்டர். மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி ஒவ்வொன்றும் ஒளிரத் தொடங்கும் அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். சிவப்பு இரண்டு வோல்ட்டுக்குள் எரிந்துவிடும், நீலத்துக்கு இரண்டரைக்கு மேல் போக வேண்டும். அலைநீளத்தின் தலைகீழியைக் கிடை அச்சிலும் மின்னழுத்தத்தை நிலை அச்சிலும் வைத்து வரைந்தால் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலி ஓரளவுக்கு வரும். நீல எல்.இ.டி.க்கு மட்டும் அவ்வளவு வருடம் ஏன் ஆனது என்பதை அந்த வோல்ட் வித்தியாசத்தில் இருந்தே பேச ஆரம்பிக்கலாம். அறையை இருட்டாக்கிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் ஒளிரத் தொடங்கும் புள்ளி ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொன்றாக வரும்.